ஆலை மூடினால் கிட்டார் அநாதையாகிவிடுமா?

கேள்வி: என்னிடம் 1982-இல் ஜப்பானில் செய்த ஆரியா ப்ரோ டூ எஸ்பி-1000 பேஸ் கிட்டார் இருக்கிறது. சிங்கப்பூரில் வேலை பார்த்த மாமா வாங்கி வந்தது. அதைச் செய்த ஆலை எப்போதோ மூடிவிட்டதாம். இப்போது புதிதாக ஒரு ஜப்பானிய எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அங்கே ஆலைகள் இப்படி மூடினால் உதிரி பாகங்களுக்கு எங்கே போவது? கையில் இருக்கும் பணத்தோடு அவசரமாக வாங்கிவிட வேண்டுமா? பழைய பேஸை விற்காமல் வைத்திருந்தால் விலை ஏறுமா?

பதில்: உங்கள் பேஸ் பிறந்த ஆலையின் கதையிலேயே மூன்று கேள்விகளுக்கும் பாதி விடை இருக்கிறது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அந்த ஆலையின் பெயர் மட்சுமோகு. நாகானோ மாகாணத்தில், மலைகள் சூழ்ந்த மட்சுமோட்டோ நகரில் இருந்தது. 1951-இல் தொடங்கியபோது அவர்கள் கிட்டார் செய்யவில்லை. சிங்கர் தையல் மெஷினுக்கு மரப்பெட்டி செய்தார்கள். பாட்டி காலத்துத் தையல் மெஷினின் பலகையைத் தடவிப் பார்த்தவர்களுக்கு அது எப்படிப்பட்ட வேலை என்று தெரியும். மரத்தைக் கோணாமல் காயவைக்க வேண்டும், இணைப்பு தெரியாமல் ஒட்ட வேண்டும், முகம் தெரியும் அளவுக்குப் பாலிஷ் ஏற்ற வேண்டும். கிட்டாருக்கு வேண்டியதும் இதே கைப்பழக்கம்தான். 1965-இல் அமெரிக்காவின் வென்ச்சர்ஸ் இசைக்குழு ஜப்பான் முழுக்கச் சுற்றி வாசித்தபோது அங்கே எலெக்ட்ரிக் கிட்டார் மோகம் பற்றிக்கொண்டது. அந்தக் காலத்தில் மர வேலை தெரிந்த பல பட்டறைகள் கிட்டார் பக்கம் திரும்பின. மட்சுமோகுவும் திரும்பியது. ஆரியா, எபிஃபோன், வெஸ்டோன், வான்டேஜ், வாஷ்பர்ன் என்று பல பெயர்களில் கடைக்கு வந்த கிட்டார்கள் அந்த ஒரே கூரையின் கீழ் செய்யப்பட்டவை.

அப்படிப்பட்ட ஆலை 1987-இல் மூடியது. சரக்கு மட்டமாகிப்போனதால் அல்ல. 1985 செப்டம்பரில் நியூயார்க் பிளாசா ஹோட்டலில் ஐந்து நாடுகள் கூடி, டாலரின் மதிப்பை இறக்குவதென்று முடிவு செய்தன. அப்போது ஒரு டாலருக்குச் சுமார் 240 யென். இரண்டே வருடத்தில் அது 150-க்கும் கீழே போய்விட்டது. ஜப்பானில் அதே செலவில் செய்த அதே கிட்டார், அமெரிக்கக் கடையில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விலையாகிவிட்டது. மலிவு ரக ஆர்டர்கள் எல்லாம் கொரியாவுக்குப் போயின. இதற்கு நடுவே, 1986-இல் சிங்கர் நிறுவனமே தன் தையல் மெஷின் தொழிலைத் தனியாகப் பிரித்து ஒதுக்கியது. கிட்டார், தையல் மெஷின் என்ற இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் போனதும் ஆலையால் நிற்க முடியவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். ஆரியா என்ற பெயர் போகவில்லை, வேறு ஆலைகளில் தொடர்ந்தது. எபிஃபோன் மூடலுக்கு முன்பே கொரியாவுக்கு மாறியிருந்தது. வெஸ்டோனும் கொரியாவுக்குப் போனது, ஆனால் சில வருடங்களில் மறைந்துவிட்டது. உங்கள் எஸ்பி வரிசையை வடிவமைத்த நொபுவாகி ஹயாஷியின் வேலை அதே மட்சுமோட்டோவில் அட்லான்சியா என்ற சிறிய நிறுவனமாகத் தொடர்ந்தது.

ஜப்பானியக் கிட்டார் தொழிலின் அமைப்பே இதுதான். கிட்டாரின் தலையில் எழுதியிருக்கும் பெயர் பெரும்பாலும் ஒரு வணிக நிறுவனத்துடையது. மரத்தைச் செதுக்கியவர் வேறொருவர். ஆரியா என்பது நகோயாவில் உள்ள அராய் நிறுவனத்தின் பெயர். ஐபனேஸ் என்பது அதே நகோயாவின் ஹோஷினோ நிறுவனத்தின் பெயர், ஆனால் அதன் உயர்ரக ஜப்பானியக் கிட்டார்கள் பல பத்தாண்டுகளாக ஃபுஜிகென் ஆலையில் உருவாகின்றன. ஆகவே “ஆலை மூடிவிட்டது” என்று கேட்டதும் “அந்த பிராண்ட் செத்துவிட்டது” என்று நினைக்கத் தேவையில்லை. இதைத் திருப்பியும் பார்க்க வேண்டும். பிராண்ட் உயிரோடு இருக்கிறது என்பதற்காக அதே கிட்டார் இன்னும் கிடைக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது.

அமெரிக்கக் கிட்டார் நிறுவனமான ஃபெண்டர் இதற்கு நல்ல சாட்சி. 1982-இல் ஃபெண்டர் ஜப்பான் தொடங்கியபோது கிட்டார் செய்து கொடுத்தது இதே மட்சுமோட்டோவின் ஃபுஜிகென். அந்த முதல் சில வருடங்களின் ஜே.வி. என்று தொடங்கும் எண் கொண்ட ஸ்குவையர்களை (ஃபெண்டரின் மலிவு வரிசை) இன்றும் ஆட்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். 1990-களின் பிற்பாதியில் அந்த ஆர்டர் டோக்காய், டைனா ஆலைகளுக்கு மாறியது. கிட்டாரின் தலையில் பெயர் மாறவில்லை, “மேட் இன் ஜப்பான்” என்ற முத்திரை மட்டும் சில காலம் “கிராஃப்டட் இன் ஜப்பான்” ஆனது. அவ்வளவு பெரிய வாடிக்கையாளர் போனபிறகும் ஃபுஜிகென் மூடவில்லை. எஃப்.ஜி.என். என்று தன் பெயரிலேயே கிட்டார் விற்கிறது. ஒரே வாடிக்கையாளரை நம்பாத ஆலை பிழைக்கிறது. மட்சுமோகுவின் தலையெழுத்து சிங்கரோடும் டாலரோடும் கட்டப்பட்டிருந்தது.

சரி, உங்கள் முதல் கேள்வி, உதிரி பாகம். நிறைய பேர் இதில்தான் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். ஒரு எலெக்ட்ரிக் கிட்டாரில் தேயும் பாகங்கள் ஃப்ரெட் கம்பி, நட் (தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் சிறு துண்டு), ட்யூனிங் கீ, வால்யூம் பாட் (சத்தக் குமிழுக்கு அடியில் இருக்கும் பாகம்), ஸ்விட்ச், ஜாக். இவற்றில் பெரும்பாலானவற்றை மரம் செதுக்கும் ஆலை எந்தக் காலத்திலும் செய்ததில்லை, வெளியிலிருந்து வாங்கித்தான் பொருத்தியது. குன்மா மாகாணம் இசெசாகியில் இருக்கும் கோட்டோ நிறுவனம் ட்யூனிங் கீயும், உடல் பக்கம் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜும் செய்து உலகம் முழுக்க அனுப்பிக்கொண்டிருக்கிறது. என் மேசைக்கு வந்த பழைய ஜப்பானியக் கிட்டார்களில் ஆலை இல்லாததால் சரிசெய்ய முடியாமல் திருப்பி அனுப்பியவை மிகக் குறைவு. அவசரப்பட்டு யாரோ ஓட்டை போட்டதால் கெட்டவைதான் அதிகம்.

இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். ஜப்பானியக் கிட்டார்கள் மெட்ரிக் அளவில் செய்யப்பட்டவை. சிறிய ஜப்பானிய வால்யூம் பாட் ஒன்றுக்கு 7 அல்லது 8 மி.மீ. ஓட்டை போதும். அமெரிக்க சி.டி.எஸ். நிறுவனத்தின் வால்யூம் பாட்-இன் கழுத்து ஏறக்குறைய 9.5 மி.மீ. “ஒரிஜினல் கிடைக்காது, இதைப் போட்டுக்கோங்க” என்று சொல்லி, மெக்கானிக் ட்ரில் எடுத்து ஓட்டையைப் பெரிதாக்கினால் அந்த மரம் திரும்ப வராது. குமிழ்களிலும் இதே சிக்கல் உண்டு. ஜப்பானிய பாட்-இன் தண்டில் 18 பற்கள், அமெரிக்கத் தண்டில் 24. ஸ்ட்ராட் (ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வடிவக் கிட்டார் என்றால் பிரிட்ஜில் தந்திகளுக்கு இடையிலான தூரத்தையும் அளந்து பார்க்க வேண்டும். பல ஜப்பானிய பிரிட்ஜ்களில் அது 10.5 மி.மீ., பழைய அமெரிக்க அளவு 11.3 மி.மீ. ஒரு வெர்னியர் காலிப்பர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மெட்ரிக் பாகம் கேட்டு வாங்கினால் எதையும் வெட்டாமல் பொருத்தலாம்.

உண்மையிலேயே மாற்று இல்லாத பாகங்கள் உங்கள் எஸ்பி-1000-இல் இரண்டு. தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பிக்கப், அந்த மாடலுக்கென்றே செய்தது, ஒன்று. அதோடு சேர்ந்த, அந்தச் சிக்னலைப் பெருக்கும் ப்ரீ-ஆம்பும் ஆறு நிலை சுழல் ஸ்விட்சும் இன்னொன்று. டுரான் டுரான் குழுவின் ஜான் டெய்லர் 1980-களின் தொடக்கத்தில் வாசித்த அந்த முறுக்கேறிய சத்தம் இங்கிருந்துதான் வருகிறது. பழுதானால் நல்ல எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்தவரிடம் கொடுத்துச் சரிசெய்யுங்கள், ஒருபோதும் கழற்றி எறியாதீர்கள். நெக் விஷயத்திலும் கவனம் வேண்டும். உங்கள் பேஸில் நெக் திருகு போட்டு மாட்டியதல்ல. மேப்பிளும் வால்நட்டும் ஒட்டிய ஒரே நீளத் தண்டு உடலுக்குள்ளேயே ஓடுகிறது. அது முறுக்கிக்கொண்டால் வேறு நெக் போட வழியில்லை, ஆலை இன்று ஓடிக்கொண்டிருந்தாலும் இதேதான். வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்காமல் இருப்பதும், மழைக்காலத்தில் பெட்டிக்குள் ஈரத்தைக் கவனிப்பதும் உங்கள் கையில் இருக்கிறது.

புதிது வாங்கும் கேள்விக்கு வருகிறேன். அவசரப்பட வேண்டாம். ஃபுஜிகென், யமஹா, இ.எஸ்.பி. எல்லாம் ஜப்பானில் கிட்டார் செய்துகொண்டுதான் இருக்கின்றன. 2022-லிருந்து யென் பலவீனமாக இருப்பதால் இன்று நிலைமை 1985-க்கு நேர் எதிர். ஜப்பானியக் கிட்டார் வெளிநாட்டவருக்குக் கட்டுப்படியாகிறது, தேவையும் இருக்கிறது. உத்தரவாதம் தருவதும் பிராண்டும் விற்பவரும்தான், ஆலை அல்ல. ஆனால் பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ஐபனேஸில் ப்ரெஸ்டீஜ் வரிசை ஜப்பானில் செய்வது, ப்ரீமியம் வரிசை இந்தோனேசியாவில் செய்வது. நாடு எது என்று கிட்டாரின் மேலேயே எழுதியிருக்கும். எந்த ஆலை என்று கடைக்காரரிடம் கேளுங்கள், நல்ல கடைக்காரர் சொல்வார்.

எனக்கு உண்மையான கவலை இன்றைய மூடல்களைப் பற்றியது. 1987-இல் ஆலையைச் சாய்த்தது நாணய மதிப்பு. இன்று ஜப்பானின் சிறு பட்டறைகளைச் சாய்ப்பது வயது. ஆர்டர் இருக்கிறது, கடன் இல்லை, ஆனால் முதலாளிக்கு எழுபது கடந்துவிட்டது, எடுத்து நடத்தப் பிள்ளையும் இல்லை, சீடனும் இல்லை. இது கிட்டார் தொழிலில் மட்டும் இல்லை, அந்த நாட்டின் சிறு தொழில்கள் பலவற்றில் இருக்கும் துன்பம். உடலை வெட்ட கணினியால் இயங்கும் மரம் குடையும் மெஷின் இருக்கிறது. ஃப்ரெட் ஓரங்களைக் கையில் குத்தாமல் உருட்டுவதற்கும், நெக்கைக் குழியில் காற்று புகாமல் பொருத்துவதற்கும், பெயிண்ட்டை மெல்லிசாக ஏற்றுவதற்கும் மனிதக் கை வேண்டும். அது பத்து வருடம் பக்கத்தில் நின்று கற்க வேண்டிய வேலை.

அதனால் ஒரு ஆலை மூடுகிறது என்று கேள்விப்பட்டால் நான் முதலில் கேட்பது, அங்கே வேலை செய்தவர்கள் எங்கே போகிறார்கள் என்றுதான். மட்சுமோட்டோவுக்கு இதில் ஒரு பேறு இருந்தது. ஒரு பட்டறை போனாலும் பக்கத்துத் தெருவில் இன்னொன்று இருந்தது. ஹெட்வே என்ற அங்குள்ள கிட்டார் பட்டறை 1983-இல் தீயில் எரிந்துபோனது. ஆனால் அதன் கைவினைஞர் யசுவோ மொமோசே தொழிலை விடவில்லை, 1999-இல் ஹெட்வே கிட்டார்கள் மறுபடியும் வந்தன. ஃபுஜிகெனில் பல வருடம் இருந்த மகோட்டோ சுகிமோட்டோ 2002-இல் அங்கேயே சுகி கிட்டார்ஸைத் தொடங்கினார். தனியாக ஒரு ஊரில் நின்ற ஆலை மூடினால் இப்படி நடக்காது. வேலை தெரிந்தவர்கள் வேறு பிழைப்புக்குப் போய்விடுவார்கள். இனி ஜப்பானியக் கிட்டார் குறைவாகவும் விலை கூடுதலாகவும், இப்படிப்பட்ட சிறு கூட்டங்களிலிருந்து வரும் என்றுதான் நான் நினைக்கிறேன். நடுத்தர விலை ரகம்தான் மெலியும். உங்கள் சேமிப்பு அந்த ரகத்துக்கு என்றால், நல்ல நிலையில் உள்ள செகண்ட் ஹேண்ட் ஜப்பானியக் கிட்டாரையும் பாருங்கள்.

விலை ஏறுமா என்றால், மூடிய அன்றே ஏறாது. மட்சுமோகு மூடி வெகு காலம் அதன் கிட்டார்கள் மலிவாகவே கைமாறின. வாசித்துப் பார்த்தவர்கள் பேசப் பேசத்தான் மதிப்பு கூடியது. அதுவும் எதையும் மாற்றாத, நெக் நேராக உள்ள கிட்டார்களுக்கு. முதலீடாக நினைத்து வைத்திருக்காதீர்கள், வாசிக்கப் பிடித்திருந்தால் வைத்திருங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பின்பக்க மூடியைத் திறந்து பேட்டரியைப் பாருங்கள். மாமா காலத்துப் பேட்டரி உள்ளேயே கசிந்திருந்தால், மாற்றுக் கிடைக்காத அந்த ப்ரீ-ஆம்பை அது அரித்துக்கொண்டிருக்கும்.