ஆறு வாரத்தில் பழம் பொறுக்கப் போகலாமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டம் ஒன்றில் உதிர்ந்த பழம் பொறுக்கும் 53 வயது வாசகி கேட்டிருக்கிறார்: வலது இடுப்பு மூட்டை மாற்றி நான்கு வாரமாகிறது, கைத்தடியோடு நடக்கிறேன், வலியும் குறைந்துவிட்டது, ஆறு வாரம் முடிந்ததும் பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கூடும் இடத்துக்கு) வரச் சொல்கிறார் மண்டோர் (மேற்பார்வையாளர்), போகலாமா?

இப்போதைக்கு வேண்டாம், அம்மா. ஆறு வாரம் என்பது பெரும்பாலும் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கான கணக்கு. குனிந்து, குந்தி, சுமந்து செய்யும் வேலைக்குப் பொதுவாக மூன்று மாதமாவது ஆகும். அப்போதும் பழைய வேலைக்கே திரும்பலாமா என்பதை அறுவை செய்த மருத்துவரே சொல்ல வேண்டும். வலி முதலில் போய்விடும். மூட்டைச் சுற்றி வெட்டித் தைத்த தசை ஒட்டி வலுப்பெறுவதற்குக் கூடுதல் நாளாகும். மூட்டு நழுவும் அபாயம் அந்த இடைப்பட்ட காலத்தில்தான் அதிகம்.

பிட்டப் பக்கமாகத் திறந்து அறுவை செய்திருந்தால், முதல் சில மாதங்களுக்கு இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்கக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, அந்தக் காலை உள்பக்கம் திருப்பக் கூடாது என்பார்கள். பழம் பொறுக்கும்போது நீங்கள் செய்வதென்ன? மரத்தடியில் குந்துகிறீர்கள், பாதத்தை ஊன்றியபடியே உடலைத் திருப்பிச் சாக்கில் போடுகிறீர்கள், நிறைந்த சாக்கைத் தூக்கிக்கொண்டு ஈர மட்டைகளையும் கால்வாயையும் தாண்டுகிறீர்கள். ரப்பர் பூட்ஸை இழுத்து மாட்டும்போதே அந்த 90 பாகை தாண்டிவிடும்.

வீட்டில் குந்தும் கழிப்பறை இருந்தால் அதை இன்றே கவனியுங்கள். நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி ஈரத் தரையில் கால் விரித்துச் சாயும். கைப்பிடியும் உறுதியான இரும்புக் கால்களும் உள்ள, முழங்காலைவிடச் சற்று உயரமான கழிப்பறை நாற்காலிதான் வேண்டும். இரண்டு கெண்டைக்கால்களும் நாற்காலியில் படும்வரை பின்னால் நகருங்கள். வலது காலை முன்னே நீட்டி, கைப்பிடியைப் பிடித்த பிறகே உட்காருங்கள். கைத்தடி இடது கையில் இருக்கட்டும். படி ஏறும்போது இடது கால் முதலில், இறங்கும்போது கைத்தடியும் வலது காலும் முதலில். மருத்துவர் அனுமதிக்கும்வரை மோட்டார் சைக்கிளில் பின்னால்கூட ஏற வேண்டாம்.

மண்டோரிடம் வாய்ச்சொல்லாகப் பேசி நிறுத்திவிடாமல், எதை எவ்வளவு நாள் செய்யக் கூடாது என்று மருத்துவர் எழுதிய கடிதத்தைத் தோட்ட அலுவலகத்தில் கொடுங்கள். நின்றும் உயர நாற்காலியில் மாறி மாறி உட்கார்ந்தும் செய்யக்கூடிய வேலை, எடை குறிப்பது போன்றது, இருந்தால் கேளுங்கள். ஆயாக்கொட்டகை (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) வேலை இலேசாகத் தோன்றும். ஆனால் பிள்ளைகளைத் தரையிலிருந்து தூக்க வேண்டியிருக்கும் என்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சாதாரண மருத்துவ விடுப்பு போக, மருத்துவமனையில் தங்க வேண்டியிருந்தால் ஆண்டுக்கு 60 நாள் வரை ஊதியத்தோடு விடுப்பு உண்டு. உங்கள் மருத்துவச் சான்று அதில் எப்படிச் சேரும் என்று தோட்ட அலுவலகக் கிராணியிடம் (எழுத்தரிடம்) கேளுங்கள்.

கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காய்ச்சலோடு தையலில் நீர் கசிந்தாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். திடீரென மூச்சு முட்டினாலோ நெஞ்சு வலித்தாலோ, இடுப்பில் சுளீரென வலித்துக் கால் குட்டையாகத் தெரிந்தாலோ, அந்தக் காலை ஊன்றாமல் உடனே 999 எண்ணுக்கு அழையுங்கள்.