ஊரடங்கும் கரியமில வாயுவும்

அன்புள்ள ஐயா,

2020 ஊரடங்கில் ஜலந்தர் மக்கள் மொட்டைமாடியிலிருந்து பனிமலையைப் பார்த்த படங்கள் இன்னும் என் கைபேசியில் இருக்கின்றன. ஆண்டுக்கு ஒரு மாதம் எல்லாவற்றையும் மூடிவைத்தால் பூமி வெப்பமாவதைத் தடுத்துவிடலாம் அல்லவா? கொரோனா செய்ததை நாமே ஏன் செய்யக்கூடாது?

க., உடுமலைப்பேட்டை

அன்புள்ள க.,

அந்தப் படங்களை நானும் மறக்கவில்லை. நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள தவ்லதார் மலைத்தொடர், அடுத்த தெருவில் நிற்பதுபோல் தெரிந்தது. ஆனால் அன்று விலகியது தூசும் புகையும்தான். வண்டிப் புகையிலுள்ள நைட்ரஜன் டை ஆக்சைடு சில மணி நேரத்தில் சிதைந்துவிடும். தூசு ஒரு மழையில் அடங்கிவிடும். கரியமில வாயு அப்படிப் போகாது. கண்ணுக்கும் தெரியாது; அதில் கணிசமான பகுதி நூற்றாண்டுக் கணக்கில் காற்றிலேயே தங்கும். கடன் கணக்காகச் சொன்னால், அந்த ஆண்டு நாம் புதுக்கடன் வாங்குவதைச் சற்றுக் குறைத்தோம், அவ்வளவுதான். பழைய அசல் அப்படியே இருந்தது, புதுக்கடனும் அதன்மேல் ஏறியது. ஹவாயின் மௌனா லோவா ஆய்வகத்தில் அளந்த கரியமில வாயுவின் 2020 மே மாதச் சராசரி, காற்றில் பத்து லட்சத்துக்கு 417 பங்கு. அதுவரை அங்கே அளந்த மாதங்களில் அதுவே உச்சம்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். 2020 ஏப்ரல் தொடக்கத்தில் உலகின் அன்றாடக் கரியமில வாயு வெளியீடு, முந்தைய ஆண்டின் சராசரியைவிட ஏறத்தாழ 17 விழுக்காடு குறைந்தது. விமானங்கள் தரையில் நின்றன, தெருக்களில் ஆளில்லை. அப்போதும் 83 விழுக்காடு வெளியேறிக்கொண்டே இருந்தது. வீட்டில் அடைந்திருந்த நமக்கு மின்விசிறி சுழல வேண்டுமே, அதற்காக அனல்மின் நிலையங்கள் நிலக்கரியை எரித்தன. உருக்காலையின் ஊதுலையை நினைத்த நேரத்தில் அணைத்து, நினைத்த நேரத்தில் மூட்ட முடியாது. நாம் வெளியே நடமாடுவதைவிட, நாம் வாழும் வாழ்க்கைக்கு எரிபொருள் எது என்பதுதான் பெரிய கேள்வி. அந்த எரிபொருள் மாறவே இல்லை. அதனால்தான் ஆண்டு முழுமைக்கும் சுமார் 5 விழுக்காடு குறைந்த வெளியீடு, 2021இல் மளமளவென்று பழைய உயரத்துக்கே ஏறிவிட்டது.

தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிடப் பூமியின் வெப்ப உயர்வு 1.5 பாகை செல்சியஸைத் தாண்டாமலிருக்க, வெளியீட்டை ஆண்டுக்கு 7.6 விழுக்காடு வீதம் பத்தாண்டுகள் தொடர்ந்து குறைக்க வேண்டும் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2019இல் சொன்னது. ஊரை அடைத்து இதைச் சாதிக்க முடியாது. அடைத்தால் யார் தலையில் விடியும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2020 மே 8 அதிகாலை, ஔரங்காபாத் அருகே தண்டவாளத்தில் அயர்ந்து தூங்கிய புலம்பெயர் தொழிலாளர்கள் 16 பேர் சரக்கு ரயிலில் அடிபட்டு இறந்தார்கள். வேலையும் பஸ்ஸும் இல்லாமல் ஊர் திரும்ப நடந்தவர்கள். வழிக்குக் கட்டிவந்த ரொட்டிகள் தண்டவாளத்தில் சிதறிக் கிடந்தன. உங்கள் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இந்த விலையை அவர்களே மறுபடியும் கொடுக்கும் எந்தத் திட்டத்தையும் நான் ஏற்கமாட்டேன்.

உங்கள் ஊரைச் சுற்றிலும் காற்றாலைகள் நிற்கின்றன. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது அவை தரும் மின்சாரம் முழுவதையும் எடுத்துக்கொள்ள வழியில்லாமல், தமிழ்நாட்டில் காற்றாலைகளை நிறுத்திவைத்த பருவங்கள் உண்டு. அந்த மின்சாரத்தைச் சேமித்துவைக்க என்ன ஏற்பாடு, கடத்திச் செல்லக் கம்பிப்பாதை எப்போது வரும் என்று உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். தேர்தல் நேரத்தில் மட்டுமல்ல, ஒவ்வொரு காற்றுப் பருவத்திலும் கேளுங்கள்.