இயோமியின் விரல்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிளாக் சாபத் குழுவின் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் மறைந்ததிலிருந்து நண்பர்களிடையே ஒரே விவாதம்: ஹார்ட் ராக் என்னும் கனத்த ராக் இசையின் முன்னோடி லெட் செப்பலின் குழுவா, பிளாக் சாபத்தா? சாபத்தின் கிதார் கலைஞர் டோனி இயோமிக்கு விரல்நுனிகள் போனதே அந்தக் குழுவுக்கு வரமாக அமைந்தது என்பது என் எண்ணம். ஆனாலும் இத்தனை இரைச்சல் தேவையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

செப்பலினின் முதல் இசைத்தட்டு 1969 ஜனவரியில் வந்தது, சாபத்தினுடையது 1970 பிப்ரவரியில். முன்னோடி யார் என்பதை நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். இரைச்சல் என்பவர்கள் சாபத்தின் டிரம்ஸ் கலைஞர் பில் வார்டின் வாசிப்பில் உள்ள ஜாஸ் நடையைக் காதுகொடுத்துக் கேட்டதில்லை.

இயோமியின் மீதுள்ள பரிவினால்தான் அப்படி எழுதினீர்கள் என்று அறிவேன். ஆனால் அடுத்தவரின் காயத்தை வரமென்று கொண்டாடும் பழக்கம் என்னை நெடுநாளாக வருத்துகிறது. 1965இல், இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஓர் உலோகத் தகட்டு ஆலையில், வேலையின் கடைசி நாளன்று, வழக்கமாக எந்திரத்தை இயக்குபவர் வராததால் பதினேழு வயது இயோமியை அதில் நிறுத்தினார்கள். வலது கையின் நடுவிரலும் மோதிரவிரலும் நுனியிழந்தன. அவர் இடக்கைக்காரர், தந்தியை அழுத்த வேண்டிய கையே அந்த வலது கைதான். இதில் எதை வரம் என்கிறீர்கள்?

தீக்காயத்தால் இரு விரல்கள் முடங்கியபின்னும் வாசித்த கிதார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டை ஆலை மேற்பார்வையாளர் கொண்டுவந்து கொடுக்க, இயோமி மீண்டும் கிதாரைத் தொட்டார். பாத்திரம் கழுவும் திரவத்தின் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி, தையல்காரரின் அங்குஸ்தானைப் போல இரு உறைகள் செய்து, தந்தியில் வழுக்காதிருக்க அவற்றின்மேல் தோல் ஒட்டினார். அழுத்த எளிதான மெல்லிய கிதார் தந்திகள் கடையில் கிடைக்காத காலம் அது. பான்ஜோ என்னும் வாத்தியத்தின் மெல்லிய தந்திகளைப் பூட்டிக்கொண்டார். உறைக்குள் இருக்கும் விரலுக்குத் தந்தி தட்டுப்படாது என்பதால், எவ்வளவு அழுத்துவதென்பதைக் காதால் பழகினார். 1971இல் வந்த சாபத்தின் மூன்றாவது தட்டின் பல பாடல்களில் சுருதியை மூன்று அரைச்சுரம் தாழ்த்தினார். தந்தியின் இழுப்புக் குறைந்து விரலுக்கு இதமாயிற்று; ஒலியும் கனத்தது.

பிற்காலத்தில் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்துச் சவுண்ட்கார்டன் போன்ற ராக் குழுக்களும் சுருதியைத் தாழ்த்தின. அவர்களின் விரல்களில் எந்தக் குறையும் இல்லை. அந்தக் கனம் இசையாகவே அவர்களுக்குப் பிடித்திருந்தது. சாபத்தின் முதல் தட்டையும் மூன்றாவதையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், கேட்டபின் எழுதுங்கள்.