படகோட்டியின் பெயர்

அன்புள்ள ஐயா,

நேற்றிரவு 'பேட் 21' (1988) பார்த்தேன். வியட்நாமில் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு எதிரிகளிடையே தனியாக மாட்டிக்கொண்ட அமெரிக்க விமானப்படை அதிகாரி ஹாம்பிள்டனை மீட்கும் கதை. கோல்ஃப் கணக்கில் வழி சொல்வது நிஜமாகவே நடந்ததா? சில உயிரிழப்புகள் இருந்தாலும் ஒருவரைக்கூடக் கைவிடாத ராணுவம் என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது.

*

அன்புள்ள தம்பி,

நடந்ததுதான். ஹாம்பிள்டன் கோல்ஃப் பைத்தியம். தான் ஆடிய மைதானங்களில் எந்தக் குழி எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ரேடியோவை எதிரி ஒட்டுக்கேட்பான் என்பதால் அந்தக் கணக்கிலேயே நடக்கச் சொன்னார்கள். சரி, அதை விடுங்கள். ஜீன் ஹாக்மன் நன்றாக நடித்திருக்கிறார், அதையும் விடுங்கள்.

"சில உயிரிழப்புகள்" என்று எழுத எப்படிக் கை வந்தது? 1972 ஏப்ரல் 2 அன்று விழுந்த அவரை மீட்கப் போய் 11 பேர் செத்தார்கள். ஏப்ரல் 6 அன்று வீழ்ந்த ஒரே ஹெலிகாப்டரில் மட்டும் 6 பேர். அவர் மேல் குண்டு விழக் கூடாதென்று சுற்றிலும் 27 கிலோமீட்டருக்குப் பீரங்கித் தாக்குதலுக்குத் தடை போட்டார்கள். வட வியட்நாம் படை பெருக்கெடுத்து வந்த நேரம் அது. பீரங்கித் துணை இல்லாமல் அங்கே நின்ற, அமெரிக்காவின் கூட்டாளிகளான தென் வியட்நாம் சிப்பாய்கள் யாரும் கைவிடப்படவில்லையா தம்பி?

அப்புறம், கடைசியில் அவரை மீட்டது ஹெலிகாப்டரே இல்லை. நாரிஸ் என்ற அமெரிக்கக் கடற்படை கமாண்டோவும் நுயென் வான் கியெட் என்ற தென் வியட்நாம் கடற்படை வீரரும் மீனவர் வேடத்தில், கரையில் கிடந்த சம்பான் படகில் இருட்டோடு துடுப்புப் போட்டுப் போனார்கள். பதினோரு நாள் பட்டினியில் நினைவு தடுமாறிக் கிடந்தவரைப் படகில் படுக்கவைத்து, இலைதழையால் மூடிக் கொண்டுவந்தார்கள். மற்றவர்கள் பின்வாங்கிய பிறகும் கூடப் போனவர் கியெட். அமெரிக்கா அவருக்கு நேவி கிராஸ் என்ற உயரிய வீரப் பதக்கம் கொடுத்தது. படம் அவருக்கு ஒரு காட்சிகூடக் கொடுக்கவில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்கிறீர்களா? 2015 டிசம்பர் வெள்ளத்தில் என் அம்மாவை முதல் மாடி ஜன்னலிலிருந்து குழந்தையைப்போலத் தூக்கிப் படகில் இறக்கினார் ஒரு மீனவர். அம்மா ஐந்நூறு ரூபாயை நீட்டியதும், "உள்ள வையி ஆயா, நனஞ்சிடும்" என்றார். இதை நான் நூறு பேரிடமாவது சொல்லிச் சிரித்திருக்கிறேன். போன வருடம் என் மகள்தான் கேட்டாள், அவர் பேர் என்னப்பா என்று.

நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.