வாசகர் கேள்வி – பதில்: ஒளியிழையின் நுனியில் ஒரு லென்ஸ்

கேள்வி: தலைமுடி அளவே பருமனுள்ள ஒளியிழையின் (ஒளியைக் கடத்தும் கண்ணாடி இழை) நுனியில் லேசரைக் கொண்டு லென்ஸ் செய்கிறார்கள் என்று படித்தேன். வெட்டவும் துளையிடவும் பயன்படும் லேசர் ஒரு பொருளை எப்படி உருவாக்கும்?

பதில்: இங்கே லேசர் எதையும் வெட்டுவதில்லை, திரவப் பிசினை இறுகச் செய்கிறது. சொத்தைப் பல்லை அடைக்கும் மருத்துவர், குழைவான பிசினைக் குழியில் வைத்து அதன்மீது சில நொடிகள் நீல ஒளியைக் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒளி பட்டதும் பிசினின் சிறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து பாலிமராகிக் கெட்டிப்படுகின்றன. ஆனால் அந்த முறையில் ஒளி செல்லும் வழி நெடுகிலும் பிசின் இறுகும். நுண்ணிய லென்ஸ் செய்பவருக்கோ, திரவத்துக்குள் தாம் குறித்த புள்ளி மட்டும் இறுக வேண்டும். அதன் மேலும் கீழும் உள்ளவை திரவமாகவே இருக்க வேண்டும்.

இதற்கான வழி, லேசர் பிறப்பதற்கு முன்பே தாளில் இருந்தது. ஓர் அணு இரண்டு ஃபோட்டான்களை (ஒளித்துகள்களை) ஒரே சமயத்தில் விழுங்க முடியும் என்பதை, 1931-இல் வெளியான தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் மரியா கோப்பர்ட் மேயர் கணக்கிட்டுக் காட்டினார். (பின்னாளில் அணுக்கரு ஆய்வுக்காக 1963-இல் நோபல் பரிசு பெற்றவரும் இவரே.) அதற்கு வேண்டிய செறிவான ஒளியை லேசர் தந்த பிறகு, 1961-இல்தான் அதைச் சோதித்துக் காட்ட முடிந்தது.

புற ஊதா ஒளியை உறிஞ்சும் பிசினுக்குள் 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள, சிவப்பின் விளிம்பிலுள்ள லேசர் ஒளியைச் செலுத்தினால், அது கண்ணாடியை ஊடுருவுவது போலக் கடந்துபோய்விடும். இரண்டு ஃபோட்டான்கள் சேர்ந்து உறிஞ்சப்பட்டால் மட்டுமே வினை தொடங்கும். அந்த வாய்ப்பு ஒளிச்செறிவின் வர்க்கத்தைப் பொறுத்தது: லேசர் கற்றையை ஒரு புள்ளியில் குவித்தால், அந்தக் குவியத்தைவிடக் கற்றை இரு மடங்கு அகலமாக உள்ள இடத்தில் செறிவு 4-இல் 1 பங்காகும், வினையின் வேகமோ 16-இல் 1 பங்காகிவிடும். போதாக்குறைக்கு, பிசினில் கரைந்துள்ள ஆக்சிஜன் அரைகுறையாகத் தொடங்கும் வினையை அடக்கிவிடுகிறது. ஆகவே குவியப் புள்ளி மட்டுமே இறுகுகிறது. இவ்வளவு செறிவு இருந்தும் பிசின் கருகாததற்குக் காரணம், ஏறத்தாழ 100 ஃபெம்டோ நொடியே (ஒரு ஃபெம்டோ நொடி என்பது நொடியின் கோடி கோடியில் ஒரு பங்கிலும் சிறியது) நீடிக்கும் துடிப்புகள்தாம். ஒரு துடிப்பின் உச்சத்தில் ஆயிரக்கணக்கான வாட் திறன் இருந்தாலும், சராசரித் திறன் சில பத்து மில்லிவாட்டைத் தாண்டுவதில்லை.

செய்முறையை நேரில் காண்பவருக்கு முதலில் கண்ணில் படுவது அறையின் மஞ்சள் விளக்குதான். வெள்ளை ஒளியில் உள்ள நீலம் பிசினைக் கெடுத்துவிடும். தேன் போன்ற ஒரு துளிக்குள் ஒளியிழையின் நுனி அமிழ்ந்திருக்க, குவியப் புள்ளி வரி வரியாக, அடுக்கடுக்காக நகர்ந்து லென்ஸை எழுதுகிறது. முடிந்ததும் கரைப்பானில் கழுவினால் இறுகாத பிசின் கரைந்துபோக, லென்ஸ் மட்டும் நிற்கும். 2001-இல் ஜப்பானின் ஒசாகாவில் இம்முறையில் 10 மைக்ரோமீட்டர் நீளமுள்ள காளை உருவத்தையே செய்தார்கள். அது விளையாட்டு போலத் தோன்றினாலும், ஒரு சிவப்பணு அளவுக்குள் கொம்பையும் வாலையும் பிரித்துக் காட்ட முடிந்தது சாதாரணமன்று. 2016-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தினர், 125 மைக்ரோமீட்டர் பருமனுள்ள ஒளியிழையின் நுனியில் பல லென்ஸ்கள் அடுக்கிய கருவியையே நேரடியாக எழுதினார்கள்.

கேள்வி: பாலிமர் லென்ஸ் கண்ணாடிக்கு ஈடாகுமா?

பதில்: வெப்பத்தையும் கீறலையும் தாங்குவதில் ஈடாகாது. அதைவிடப் பெரிய தொல்லை, பிசின் இறுகும்போது சற்றே சுருங்குவது. லென்ஸின் வளைவில் சிறு பிழை நேர்ந்தாலும் பிம்பம் கெடும். எனவே முதலில் ஒன்றைச் செய்து, அதன் பரப்பை அளந்து, பிழைக்கு எதிர்த்திசையில் வரைபடத்தைத் திருத்தி மறுபடியும் எழுதுகிறார்கள். புள்ளி புள்ளியாக எழுதுவதால் வேலையும் மெதுவாகவே நடக்கும். ஆனால் இவ்வளவு சிறிய கண்ணாடி லென்ஸை வேண்டிய வளைவில் பட்டை தீட்டி இழையின் நுனியில் பிசகாமல் ஒட்டுவது அதைவிடக் கடினம். ஸ்டுட்கார்ட் குழுவினரும் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு ஆய்வாளர்களும் இப்படி எழுதிய லென்ஸைப் பொருத்தி, 2020-இல் சுண்டெலியின் இரத்தக் குழாய்க்குள் செலுத்திப் படமெடுத்த கருவி, உறையோடு சேர்த்தும் அரை மில்லிமீட்டருக்குக் குறைவான பருமனே கொண்டிருந்தது.