பள்ளத்தில் இறங்கியதும் ஸ்டீரிங் உதறுகிறதா? டேம்பரை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: பழைய பிக்கப் ஒன்றை வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். முன்பக்கம் ஒரே நீள ஆக்ஸில், காயில் ஸ்பிரிங். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பாலத்து இணைப்பிலோ சின்னப் பள்ளத்திலோ ஒரு சக்கரம் ஏறி இறங்கினால் போதும், ஸ்டீரிங் கையைப் பிடுங்கிக்கொண்டு இரண்டு பக்கமும் அடிக்கிறது. டாஷ்போர்டே குலுங்குகிறது. வேகத்தை நன்றாகக் குறைத்தால்தான் நிற்கிறது. பட்டறையில் ஸ்டீரிங் டேம்பரை (ஸ்டீரிங் உதறலை அமுக்கும், ஷாக் அப்சார்பர் போன்ற பாகம்) மாற்றிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாள் நன்றாக இருந்தது, மறுபடி ஆரம்பித்துவிட்டது. இப்போது டை ராடு, பால் ஜாயிண்ட் (பந்து போல் சுழலும் மூட்டு), டயர் என எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். எந்த மூட்டு ஆடுகிறது என்று கண்ணால் பார்த்த பிறகு அதற்கு மட்டும் செலவு செய்யுங்கள்.

நீங்கள் சொல்வதைத்தான் வண்டிக்காரர்கள் 'டெத் வாபிள்' என்கிறார்கள். ஃபோர்டு எஃப்-250, ராம் 2500, ஜீப் ராங்ளர் போல முன்பக்கம் நீள ஆக்ஸிலும் காயில் ஸ்பிரிங்கும் உள்ள வண்டிகளில் இது பல வருடமாகப் பேசப்படும் தொல்லை. கடைகளில் தள்ளும் டிராலியின் முன்சக்கரம் சில நேரம் படபடவென்று இரண்டு பக்கமும் அடித்துக்கொள்ளுமே, ஏறக்குறைய அதே இயக்கம்தான் இங்கும் நடக்கிறது. பள்ளம் முதல் தட்டு மட்டும்தான் கொடுக்கிறது. எங்கோ ஒரு மூட்டில் தளர்வு இருப்பதால் சக்கரம் ஒரு பக்கம் திரும்பி, டயரின் விசையால் மீண்டு, மறுபக்கம் தாண்டிப் போகிறது. இரண்டு முன்சக்கரங்களும் டை ராடால் பிணைந்திருப்பதால் சேர்ந்தே ஆடுகின்றன. வண்டியின் வேகம் அதற்குச் சக்தி கொடுத்துக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் வேகத்தைக் குறைக்கும் வரை அது நிற்பதில்லை.

டேம்பரின் வேலை இந்த ஆட்டத்தை அமுக்குவது. புது டேம்பர் போட்டதும் தளர்ந்த மூட்டின் ஆட்டம் வெளியே தெரியாமல் போகிறது, ஆனால் மூட்டு தேய்ந்துகொண்டேதான் இருக்கிறது. டேம்பரே அடி வாங்கித் தளர்ந்ததும் பழைய கதைதான். உங்களுக்கு நடந்ததும் அதுவே. எண்ணெய் கசியும் டேம்பரை மாற்றத்தான் வேண்டும், ஆனால் அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை.

முதலில் சந்தேகப்பட வேண்டியது டிராக் பார். சிலர் பான்ஹார்ட் ராடு என்பார்கள். ஒரு முனை சேஸியிலும் மறுமுனை ஆக்ஸிலிலும் பிடித்திருக்கும் குறுக்குக் கம்பி இது. ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் காப்பது இதுதான். இதன் ரப்பர் புஷ் (போல்ட்டைச் சுற்றியுள்ள ரப்பர் உறை) தேய்ந்தாலோ, முனையிலுள்ள பால் ஜாயிண்ட் தளர்ந்தாலோ, போல்ட் சரியாக முறுக்கப்படாமல் இருந்தாலோ, முழு ஆக்ஸிலும் கொஞ்சம் கொஞ்சமாக இடம்வலமாக நகர ஆரம்பிக்கும்.

இதைச் சோதிக்க கருவி எதுவும் வேண்டாம், கூட ஒரு ஆள் இருந்தால் போதும். வண்டி தன் டயர்களில் சமதரையில் நிற்கட்டும், ஜாக்கி போட வேண்டாம். பார்க்கிங் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கியரை பார்க்கிலோ நியூட்ரலிலோ வைத்து இன்ஜினை ஓட விடுங்கள். பவர் ஸ்டீரிங் வேலை செய்தால்தான் மூட்டுகளில் உண்மையான பாரம் விழும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீரிங்கை இடது வலதாகக் கொஞ்சமாக, ஆனால் வெடுக் வெடுக்கென்று ஆட்ட வேண்டும். இன்னொருவர் முன்பக்கமாகக் குனிந்து, டார்ச் அடித்து, ஒவ்வொரு மூட்டாகப் பார்க்க வேண்டும். கண் போதாத இடத்தில் மூட்டின் மேல் விரலை வைத்துப் பார்க்கலாம். சக்கரத்துக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் மட்டும் கையை விடாதீர்கள்.

டிராக் பாரின் முனையில் பார்க்கும்போது, போல்டும் அதைப் பிடிக்கும் பிராக்கெட்டும் ஒன்றாகவே நகர வேண்டும். போல்ட் துளைக்குள் தனியாக 'டிக்' என்று தட்டினாலோ, சேஸியை விட்டு ஆக்ஸில் பக்கவாட்டில் தனியாக நகர்ந்தாலோ, குற்றவாளி கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். போல்ட் தலையைச் சுற்றி துருநிறத்தில் பொடி படிந்திருக்கிறதா, பிராக்கெட்டில் உரசிப் பளபளத்த தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ரொம்ப நாள் லூசாக ஓடிய வண்டியில் போல்ட் ஆடி ஆடி, பிராக்கெட்டின் வட்டத் துளை முட்டை வடிவமாகியிருக்கும். அந்த நிலையில் புது டிராக் பார் போட்டாலும் ஆட்டம் போகாது. பிராக்கெட்டைச் சரிசெய்யவோ மாற்றவோ வேண்டும். பட்டறைகள் அதிகமாகத் தவறவிடுவது இந்தத் துளையைத்தான். போல்ட்டைக் கழற்றிக் காட்டச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

அதே ஆட்டத்தில் டை ராடு எண்ட், டிராக் லிங்க் (drag link, ஸ்டீரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் கம்பி; டிராக் பார் வேறு) முனைகள், ஸ்டீரிங் பாக்ஸ் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். ஸ்டீரிங் பாக்ஸைச் சேஸியில் பிடிக்கும் போல்ட்கள் தளர்ந்திருக்கின்றனவா என்றும் கவனியுங்கள். பாக்ஸின் மேலுள்ள ஸ்குரூவைத் திருகி 'ப்ளே'யை (தளர்வை) எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் சட்டென்று ஒப்புக்கொள்ள வேண்டாம். அளவுக்கு மீறி இறுக்கினால் ஸ்டீரிங் தானாக நடுவுக்குத் திரும்பாது, உள்ளே பற்களும் தேயும்.

அப்புறம் பால் ஜாயிண்டும் வீல் பேரிங்கும். இவற்றுக்குத்தான் ஆக்ஸிலைத் தூக்கி ஜாக் ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். டயருக்கு அடியில் கடப்பாரை கொடுத்து மேலே நெம்பும்போது நக்கிள் (சக்கரத்தைத் தாங்கி அதோடு திரும்பும் பாகம்) ஆக்ஸிலை விட்டுத் தனியாக மேலெழுந்தால் பால் ஜாயிண்ட் தேய்ந்திருக்கிறது. டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஹப்பே நக்கிளிலிருந்து ஆடினால் பேரிங். எவ்வளவு அசைவு வரை பரவாயில்லை என்பது அந்தந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். மெக்கானிக் தன் அளவை அதோடு ஒப்பிட்டுச் சொல்லட்டும்.

பழுதான பாகத்தை மாற்றும்போது ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள்: ரப்பர் புஷ் உள்ள போல்ட்களை, வண்டி தன் எடையில் சக்கரத்தின் மேல் நிற்கும்போதுதான் கடைசியாக முறுக்க வேண்டும், அதுவும் டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து, மேனுவல் சொல்லும் அளவுக்கு. தூக்கி வைத்த நிலையில் இறுக்கினால், வண்டியை இறக்கியதும் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழியும். எல்லாம் முடிந்த பிறகு பேலன்சிங், அலைன்மென்ட். மூட்டில் ஆட்டம் இருக்கும்போது அலைன்மென்ட் பார்ப்பதில் பிரயோஜனமே இல்லை, பார்த்த கோணம் தெருமுனை தாண்டுவதற்குள் மாறிவிடும்.

பணம் கொடுக்கிற இடத்தில் கறாராக இருங்கள். 'ஸ்டீரிங் பிரச்சினை' என்று பொதுவாக எழுத விடாமல், எந்த வேகத்தில், எதன் மேல் ஏறினால், எப்படி ஆடுகிறது என்று ஜாப் கார்டில் எழுத வையுங்கள். சோதனைக்கான கூலியைத் தனியாகக் கேட்டால் தயங்காமல் கொடுங்கள். காரணம் தெரியாமல் வாங்கும் பாகங்களைவிட அது எப்போதும் மலிவு. கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள். வேலை முடிந்ததும் மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து, முன்பு ஆடிய அதே இடத்தில் மெதுவாக வேகம் கூட்டி ஓட்டிப் பாருங்கள். பில் அதற்குப் பிறகு.

கேள்வி: ஓடும்போது திடீரென்று ஆட ஆரம்பித்தால் என்ன செய்வது? பிரேக்கை ஓங்கி மிதிக்கலாமா?

பதில்: வேண்டாம். இரண்டு கையாலும் ஸ்டீரிங்கை உறுதியாகப் பிடியுங்கள், ஆனால் அதோடு மல்லுக்கட்டாதீர்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, மெதுவாக பிரேக் கொடுத்து, நேராகப் போய்க்கொண்டே வேகத்தைக் குறையுங்கள். ஆட்டம் முழுவதும் நின்ற பிறகு ஓரம் கட்டுங்கள். வேகம் கூட்டினால் தாண்டிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள், தயவுசெய்து கேட்காதீர்கள். ஒரு முறை வந்துவிட்டால், பழுது பார்க்கும் வரை நெடுஞ்சாலை வேகத்தில் போக வேண்டாம். ஒவ்வொரு தடவை ஆடும்போதும் மற்ற மூட்டுகளும் சேர்ந்து அடி வாங்குகின்றன.

கேள்வி: உயரம் கூட்டி, பெரிய டயர் மாட்டிய பிக்கப் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஓட்டிப் பார்த்ததில் லேசாக உதறியது. 'அலைன்மென்ட் பண்ணினால் சரியாகிவிடும்' என்கிறார் விற்பவர். நம்பலாமா?

பதில்: அவ்வளவு சுலபமாகச் சரியாகும் என்றால் விற்பதற்கு முன் அவரே செய்திருப்பார். அலைன்மென்ட் பார்த்து, கேஸ்டர் கோணம் அச்சிட்ட தாளோடு வாருங்கள் என்று சொல்லுங்கள். ஸ்டீரிங் தானாக நேருக்குத் திரும்புவதற்குக் காரணமான கோணம் அது. கன்ட்ரோல் ஆர்மை (ஆக்ஸிலைச் சேஸியோடு முன்பின்னாகப் பிணைக்கும் கம்பி) மாற்றாமல் வண்டியை மட்டும் உயர்த்தினால் ஆக்ஸில் கொஞ்சம் உருண்டு, கேஸ்டர் குறைந்துவிடும், வண்டி அலைபாயும். டிராக் பாரும் பழைய நீளத்திலேயே இருந்தால் ஆக்ஸில் ஒரு பக்கம் தள்ளி நிற்கும். எடை கூடிய டயர் வேறு எல்லா மூட்டுகளையும் சீக்கிரம் தேய்க்கும். டேம்பர் மட்டும் பளபளவென்று புதிதாக இருந்தாலோ, இரட்டை டேம்பர் மாட்டியிருந்தாலோ, இன்னும் கவனமாகப் பாருங்கள். முன் டயரில் கையைத் தடவி, மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

சேஸி எண்ணைக் கொடுத்து, திரும்ப அழைப்பு ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று நிறுவனத்திடம் கேட்பதும் அவசியம். 2013-ல் கிரைஸ்லர் நிறுவனம் ராம் வரிசையின் கனரக பிக்கப்களை டை ராடு கோளாறுக்காக லட்சக்கணக்கில் திரும்ப அழைத்தது. இப்படிப்பட்ட வேலையை நிறுவனமே இலவசமாகச் செய்து தரும்போது அதற்கு நீங்கள் ஏன் பணம் கட்ட வேண்டும்? இதெல்லாம் பார்க்க விற்பவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

கேள்வி: என் பிக்கப்பில் முன்சக்கரங்கள் தனித்தனி சஸ்பென்ஷன். 90 தாண்டினால் ஸ்டீரிங் நடுங்குகிறது, 110-க்கு மேல் குறைந்துவிடுகிறது. இதுவும் அதே வியாதியா?

பதில்: இல்லை. ஒரு குறிப்பிட்ட வேக எல்லைக்குள் வந்து போகும் நடுக்கம் பெரும்பாலும் பேலன்சிங் கோளாறு, அல்லது வளைந்த ரிம், அல்லது உள்ளே பெல்ட் விட்டுப்போன டயர். முன் டயர்களைப் பின்னால் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். நடுக்கம் ஸ்டீரிங்கிலிருந்து இருக்கைக்கு மாறினால் டயரையும் ரிம்மையும்தான் பார்க்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க். உங்கள் வண்டியின் முன்பக்கத்தில் டிராக் பார் கிடையாது, ஆகவே அங்கே அதை மாற்றியதாக யாராவது பில் போட்டால் கட்டாதீர்கள்.