திரும்பும் நேரத்தைச் சங்க்ரியிலேயே எழுதி வைத்துவிடுங்கள்

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறோம். நண்பர்கள் நான்கு பேர், எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள். பர்வதமலைக்கும் வெள்ளியங்கிரிக்கும் போய் வந்திருக்கிறோம். வரும் டிசம்பர் கடைசி வாரத்தில் உத்தராகண்டின் கேதார்காந்தா சிகரத்துக்குப் பனியில் ஏறத் திட்டமிட்டிருக்கிறோம். எந்தக் கட்டத்தில் திரும்பிவிட வேண்டும் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? ஒருவருக்கு மட்டும் முடியாமல் போனால் அவரைக் கூடாரத்தில் விட்டுவிட்டு மற்றவர்கள் உச்சிக்குப் போய் வரலாமா? எங்களில் ஒருவருக்கு இரத்த அழுத்தம் உண்டு, மாத்திரை சாப்பிடுகிறார்.

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கூடாது. உயரத்தில் தலைவலியும் குமட்டலுமாகப் படுத்திருப்பவர் இரண்டு மணி நேரத்தில் தேறி எழுந்து டீ கேட்கலாம். அதே இரண்டு மணி நேரத்தில் புத்தி தடுமாறிக் கூடாரத்தை விட்டு வெளியே நடந்தும் போகலாம். அவரோடு மலை அறிந்த ஒருவர் இருந்தே ஆக வேண்டும். அதனால் நால்வருக்கு இரண்டு உள்ளூர் வழிகாட்டிகளை அமர்த்திக்கொள்ளுங்கள். ஒருவர் நோயாளியோடு தங்கவோ கீழே இறங்கவோ, இன்னொருவர் மற்றவர்களை அழைத்துச் செல்லவோ அப்போதுதான் முடியும். பயணச் செலவில் வேறு எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள். அந்தப் பகுதி கோவிந்த் வனவிலங்குச் சரணாலயத்துக்குள் வருவதால் வனத்துறை அனுமதியும் தேவை. அதையும் அவர்களே முடித்துத் தருவார்கள்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. எப்போது திரும்புவது என்பதை மலைமேல் நின்றுகொண்டு யோசிக்கவே கூடாது. கேதார்காந்தாவின் உயரம் சுமார் 12,500 அடி. அங்கே காற்றழுத்தம் நம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. பின்னிரவு இரண்டு, மூன்று மணிக்கு எழுந்து, சரியாகத் தூங்காமல், சாப்பாடு இறங்காமல் ஏறிக்கொண்டிருப்பீர்கள். உச்சி கண்ணுக்கு எதிரே தெரியும். ‘இன்னும் அரை மணி நேரம்தானே’ என்று மனம் சொல்லும். குளிரும் ஆக்சிஜன் குறைவும் முதலில் மழுங்கடிப்பது, நிலைமையை எடைபோட்டு முடிவெடுக்கும் அந்த அறிவைத்தான். கடலூர் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டால் தேவனாம்பட்டினத்து மீனவர்கள் கடலுக்குள் போய்ப் பார்த்து முடிவெடுப்பதில்லை, கரையிலேயே படகை மேலே இழுத்துப் போட்டுவிடுகிறார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஏற்றம் தொடங்கும் சங்க்ரி கிராமத்தில், 6,400 அடி உயரத்தில், வயிறாரச் சாப்பிட்டு உட்கார்ந்திருக்கும்போது நால்வரும் பேசி, எந்த நிலையில் திரும்புவோம் என்பதை ஒரு தாளில் எழுதி, வழிகாட்டியிடமும் காட்டிவிடுங்கள்.

அதில் முதலில் எழுத வேண்டியது நேரம். மேல் முகாமிலிருந்து விடியலுக்கு முன் கிளம்பினால், காலை 9 மணிக்கு எங்கே நின்றாலும் அங்கிருந்தே திரும்புவது என்று வையுங்கள். வழிகாட்டி அதற்கும் முன்னதான நேரத்தைச் சொன்னால் அதுவே முடிவு. வெயில் ஏற ஏறப் பனி இளகிக் கால் முழங்கால்வரை புதையும். பிற்பகலில் மேகம் கூடும். டிசம்பரில் அங்கே மாலை ஐந்தரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். உச்சி என்பது பாதி வழிதான். சறுக்கி விழுவது பெரும்பாலும் களைத்த கால்களோடு இறங்கும்போதுதான் நடக்கிறது.

அடுத்தது வானிலை. முன்னால் போகிறவர் போட்ட காலடி, நீங்கள் போய்ச் சேர்வதற்குள் பனியால் மூடப்பட்டுவிட்டால் திரும்புங்கள். இரவெல்லாம் கனமாகப் பனி கொட்டியிருந்தால் மறுநாள் கிளம்பவே வேண்டாம். சுமார் 30 முதல் 45 பாகை வரை சரிவுள்ள இடங்களில்தான் பனிச்சரிவு அதிகம் நிகழ்கிறது. புதுப்பனி விழுந்த முதல் 24 மணி நேரம் மிக மோசமானது. காற்றையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். வெப்பநிலை மைனஸ் 10 பாகையாக இருந்து மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்றடித்தால், திறந்த தோலுக்கு அது மைனஸ் 20 போலத்தான்.

2024 ஜூன் தொடக்கத்தில் இதே உத்தராகண்டில், சஹஸ்திர தால் பாதையில் கர்நாடகத்திலிருந்து சென்ற குழு ஒன்று திரும்பும் வழியில் பனிப்புயலில் சிக்கி 9 பேர் உயிரிழந்தார்கள். அது கோடைக்காலம். நீங்கள் போவது குளிர்காலத்தின் நடுவில்.

மூன்றாவது உடம்பு. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிக்கப்பட்டவர் தனக்கு ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார். வெறும் தலைவலி, பசியின்மை, லேசான குமட்டல் என்றால் அதே இடத்தில் தங்கி ஓய்வெடுங்கள்; ஒரு அடிகூட மேலே வேண்டாம். குறையவில்லை என்றால் கீழே இறங்குங்கள். சந்தேகம் வந்தால் ஒரு சோதனை இருக்கிறது. ஒரு காலின் குதிகாலை மறுகாலின் கட்டைவிரலோடு ஒட்டவைத்து, நேர்க்கோட்டில் பத்து எட்டு நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் அது களைப்பில்லை. மூளையில் வீக்கம் தொடங்கியிருக்கிறது என்றே கொள்ளுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சிரைத்து ஓயாமல் இருமினால் நுரையீரலில் நீர் சேர்கிறது. இரண்டுக்கும் முதல் மருந்து உடனே இறங்குவதுதான். நள்ளிரவானாலும் வழிகாட்டியோடு குறைந்தது ஆயிரம் அடி, முடிந்தால் அதற்கும் கீழே கொண்டுபோய்விடுங்கள்.

குளிர் தாக்கியதைக் கண்டுபிடிக்கக் கைகளைப் பாருங்கள். கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொடச் சொல்லுங்கள். தொட முடியாமல் தவித்தாலோ, ஜாக்கெட் ஜிப்பைப் பிடித்து இழுக்கத் தெரியாமல் தடவிக்கொண்டிருந்தாலோ, பேச்சு குழறினாலோ உடலின் உள்வெப்பம் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஈர உடையைக் களைந்து, உலர்ந்ததைப் போர்த்தி, ஸ்லீப்பிங் பேக்குக்குள் படுக்கவையுங்கள். தெளிவாக இருந்து விழுங்க முடிந்தால் இனிப்பாகச் சூடாகக் குடிக்கக் கொடுங்கள். நடுங்கிக்கொண்டிருந்தவர் வெப்பம் ஏறாமலே நடுக்கம் நின்று அமைதியாகிவிட்டால் தேறிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள், அதுதான் பேராபத்து. விரல் வெளிறி மரத்துப்போனால் பனியைக் கொண்டு தேய்க்கவோ நெருப்பில் காட்டவோ வேண்டாம்.

தாளின் கடைசி வரியாக இதை எழுதுங்கள்: நால்வரில் யார் ‘திரும்பலாம்’ என்று சொன்னாலும், காரணம் கேட்காமல், அவரோடு ஒரு வழிகாட்டியை உடனே கீழே அனுப்புவோம், மற்றவர்கள் மேலே போவதா என்பதை மீதமுள்ள வழிகாட்டி முடிவு செய்வார். நெருங்கிய நண்பர்கள் குழுவில்தான் இந்த வரி மிகவும் தேவை. தன்னால் மற்றவர்கள் பயணம் கெட்டுவிடக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு ஏறுகிறவரைத்தான் கடைசியில் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியிருக்கிறது.

நீங்கள் பர்வதமலையில் கடப்பாரைப் படி ஏறியவர்கள். கால்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஆனால் அந்த அனுபவம் உயரத்தையும் குளிரையும் பற்றி எதுவும் சொல்லித் தராது. எந்த வயதானாலும், எவ்வளவு வலுவான உடம்பானாலும், உயர நோய் வராது என்று உறுதி கிடையாது. இங்கே டிசம்பர் இரவிலும் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே போவது அரிது. அப்படிப்பட்ட ஊரிலிருந்து போகிறவர்கள் சங்க்ரியில் ஓர் இரவு கூடுதலாகத் தங்குவது நல்லது. 10,000 அடிக்கு மேல், முந்தைய இரவு தூங்கிய இடத்தைவிட 1,600 அடிக்கு மேல் உயரத்தில் அடுத்த இரவு தூங்காதீர்கள்.

பயிற்சிக்குச் செஞ்சிக் கோட்டை ராஜகிரி போதும். எட்டு கிலோ பையோடு ஏறி இறங்குங்கள்; இறங்குவதை அவசரமில்லாமல் பழகுங்கள். புதுக் காலணியை அங்கேயே போட்டுத் தேய்த்துவிடுங்கள்.

உடையில் நம்மூர்க்காரர்கள் செய்யும் தவறு பருத்தி பனியன். ஏறும்போது வியர்வையில் நனையும். நின்றவுடன் உடம்போடு ஒட்டிக்கொண்டு சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி அல்லது செயற்கை இழைத் தெர்மல் உள்ளாடை வாங்குங்கள். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். நன்றாகப் போர்த்திக்கொண்டு கிளம்பினால் பத்து நிமிடத்தில் வியர்த்துவிடும். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். பனிக்கட்டி மேற்பரப்பில்தான் முதலில் உறையும் என்பதால் மூடிப் பக்கம் திறக்க வரும். செல்போனை உள்சட்டைப் பையில் உடம்போடு வைத்திருங்கள், இல்லாவிட்டால் பாட்டரி படுத்துவிடும். காலணியில் மாட்டும் மைக்ரோஸ்பைக் முட்களைச் சங்க்ரியில் வாடகைக்கு எடுக்கலாம். கீழேயே மாட்டிப் பார்த்துவிடுங்கள். வழியில் ஜூடா கா தாலாப் ஏரி உறைந்திருக்கும். படம் எடுக்க அதன்மேல் இறங்க வேண்டாம்.

இரத்த அழுத்தம் உள்ள நண்பர் இப்போதே மருத்துவரைப் பார்க்க வேண்டும். உயரத்தில் அழுத்தம் கூடும். சிலருக்கு மருந்தின் அளவை மாற்ற நேரிடும். தானாக நிறுத்தக் கூடாது. உயர நோயைத் தடுக்கத் தரும் அசெட்டசோலமைடு மாத்திரையையும் நால்வரும் மருத்துவர் சொல்லாமல் வாங்காதீர்கள். யாருக்காவது சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் அதை அவரிடம் சொல்லியாக வேண்டும். குளிருக்கு இதமாக இருக்கும் என்று புதுச்சேரியிலிருந்து மதுபாட்டில் கொண்டு போகிறவர்கள் உண்டு. மது தோலின் இரத்தக் குழாய்களை விரித்து, சூடு ஏறுவதுபோல் காட்டிக்கொண்டே உள்வெப்பத்தை வெளியேற்றுகிறது. தூக்கத்தில் மூச்சையும் மந்தமாக்குகிறது. மலையிலிருந்து இறங்கும்வரை வேண்டவே வேண்டாம். தூக்க மாத்திரைக்கும் இதுவே பொருந்தும்.

டிக்கெட் எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். டேராடூனிலிருந்து சங்க்ரிக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர் மலைப்பாதை. ஒரு முழுப் பகல் போய்விடும், பனி விழுந்தால் பாதை அடைபடும். சங்க்ரிக்குத் திரும்பும் நாளுக்கும் டேராடூனிலிருந்து கிளம்பும் நாளுக்கும் இடையே இரண்டு நாள் விட்டு வையுங்கள். மறுநாள் ரயிலைப் பிடிக்க வேண்டும் என்ற நெருக்கடி இருந்தால், கூடாரத்துக்குள் காத்திருக்க வேண்டிய காலையில் கிளம்பிவிடுவீர்கள். விடுப்பு அவ்வளவு கிடைக்காது என்றால் பயணத்தை மார்ச் மாதத்துக்குத் தள்ளுங்கள். அப்போதும் மேலே பனி இருக்கும், பகலும் நீண்டிருக்கும்.